அடைப்பின் அளவா, ஓட்டத்தின் அளவா?
இதயத் தமனியில் இரத்தப் பாய்வு கணக்கிடப்படும் முறை

இதயத் தமனிகளை ஆராய்ந்த அறிக்கையைக் கையில் வாங்கும் குடும்பத்தினர் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான்: அடைப்பு எத்தனை விழுக்காடு? எழுபது என்றால் அச்சம்; நாற்பது என்றால் ஆறுதல். அவ்வாறிருக்க, அறுபது விழுக்காடு அடைப்புள்ள ஒருவருக்கு ஸ்டென்ட் பொருத்தப்படுவதும், அதே அறுபது விழுக்காடு உள்ள மற்றொருவருக்கு மாத்திரைகளே போதும் என்று கூறப்படுவதும் பலருக்கு வியப்பைத் தருகின்றன. சிலருக்கு, தம் வீட்டாருக்கு உரிய சிகிச்சை மறுக்கப்படுகிறதோ என்ற ஐயமும் எழுகிறது. இந்த ஐயம் இயல்பானதே. அதற்கான விடை, அடைப்பின் விழுக்காட்டில் இல்லை; அந்த அடைப்பைத் தாண்டி இதயத் தசைக்கு எவ்வளவு இரத்தம் சென்று சேர்கிறது என்பதில் இருக்கிறது.

அந்த அளவை, உடலுக்குள் எந்தக் கருவியையும் செலுத்தாமல், சி.டி. படத்தை அடிப்படையாகக் கொண்டு கணினியால் கணக்கிடும் முறை இப்போது நடைமுறையில் உள்ளது. அக்கணக்கு எவ்வாறு செய்யப்படுகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், அதில் நோயாளியின் பங்கு என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குறுகலும் குறைவும் ஒன்றல்ல

ஓய்வாக இருக்கும் வேளையில், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இதயத் தசைக்கே திரும்பி வருகிறது. நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். மாடிப்படி ஏறும்போதும், விரைந்து நடக்கும்போதும் இத்தேவை மூன்று, நான்கு மடங்கு வரை உயரும். அந்தக் கூடுதல் தேவையை நிறைவேற்ற, பெரிய தமனிகளுக்கு அப்பால் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து வழிவிடுகின்றன.

பெரிய தமனியில் குறுக்கம் ஏற்படும்போதும் இந்த நுண்குழாய்களே முதலில் உதவிக்கு வருகின்றன. மேலே தடை கூடும்போது கீழே அவை விரிந்து தடையைக் குறைக்கின்றன. இதனால் ஓய்வு நிலையில் இரத்த ஓட்டம் நெடுநாள் குறையாமலேயே இருக்கும். 1974ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லான்ஸ் கூல்ட் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தமனியின் விட்டம் ஏறத்தாழ 85 விழுக்காடு குறுகும்வரை ஓய்வுநிலை ஓட்டம் பெரிதும் மாறவில்லை. ஆனால் உச்சநிலை ஓட்டம் அதற்கு வெகு முன்னரே குறையத் தொடங்கியது. உட்கார்ந்திருக்கும்போது எவ்வித வலியும் இல்லாதவர்க்கு, நடக்கும்போது மட்டும் நெஞ்சு இறுகுவதன் காரணம் இதுவே.

மேலும், குறுக்கத்தின் விழுக்காடு ஒன்றாகவே இருந்தாலும் அதன் நீளம், வடிவம், அமைந்துள்ள இடம், அத்தமனியை நம்பியிருக்கும் தசையின் அளவு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுபடும். சிறு கிளையொன்றில் உள்ள அறுபது விழுக்காடும், இதயத்தின் முன்புறத் தசை முழுவதற்கும் இரத்தம் கொண்டுசெல்லும் தமனியில் உள்ள அறுபது விழுக்காடும் ஒன்றாகா. படம் குறுகலைக் காட்டும்; ஓட்டத்தைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

பழையதொரு கணக்கு

இரத்தத்தின் அளவைக் கணக்கிட்டு உண்மையை அறிவது புதிய வழக்கம் அன்று. 1628ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றிவருகிறது என்பதை நிறுவியதில் ஓர் எளிய பெருக்கலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவை மிகக் குறைவாகவே மதிப்பிட்டு, அதை அரைமணி நேரத்துத் துடிப்புகளின் எண்ணிக்கையால் அவர் பெருக்கினார். கிடைத்த விடை, உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சியது. உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் நொடிதோறும் புதிதாக உருவாக இயலாது. எனவே வெளியே சென்ற இரத்தமே மீண்டும் திரும்பி வருகிறது என்று அவர் முடிவு செய்தார்.

உள்ளே வருவதும் வெளியே செல்வதும் ஒத்துப்போக வேண்டும் என்ற இதே விதிதான், இன்றைய கணினிக் கணக்கின் உண்மையையும் சோதிக்கும் உரைகல்லாக இருக்கிறது. அதைப் பின்னர்க் காண்போம்.

நிறைப் பாய்வு வீதம் என்றால் என்ன?

ஒரு குழாயின் குறுக்குவெட்டை ஒரு நொடியில் எத்தனை கிராம் பாய்மம் கடந்து செல்கிறது என்பதே நிறைப் பாய்வு வீதம். அதைக் கணக்கிட மூன்று அளவுகள் தேவை: பாய்மத்தின் அடர்த்தி, குறுக்குவெட்டின் பரப்பு, அப்பரப்பைக் கடக்கும் சராசரித் திசைவேகம். இம்மூன்றின் பெருக்கற்பலனே விடை.

எடுத்துக்காட்டாக, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இதயத் தமனியைக் கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர சென்டிமீட்டர். இரத்தம் சராசரியாக நொடிக்கு 20 சென்டிமீட்டர் செல்கிறது எனில், நொடிக்கு 1.4 மில்லிலிட்டர் இரத்தம் கடக்கிறது. இரத்தம் நீரைவிடச் சற்றே அடர்த்தி மிக்கது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தின் நிறை ஏறத்தாழ 1.06 கிராம். ஆகவே நிறைப் பாய்வு வீதம் நொடிக்கு 1.5 கிராம், நிமிடத்திற்கு ஏறத்தாழ 90 கிராம்.

மருத்துவர்கள் பொதுவாக மில்லிலிட்டரில் பேசுவர். கணினி மாதிரிகளை உருவாக்கும் பொறியாளர்கள் நிறையில் கணக்கிடுவர். காரணம் எளியது. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பருமன் மாறக்கூடும், நிறை மாறாது. மூக்கின் வழியே செல்லும் குளிர்ந்த காற்று நுரையீரலை அடையும்முன் வெப்பமடைந்து விரிகிறது. அதன் பருமன் கூடினாலும் நிறை கூடுவதில்லை. இரத்தத்தின் அடர்த்தி உடலுக்குள் ஏறத்தாழ மாறாமலே இருப்பதால், இங்கு இரு வழிகளும் ஒரே செய்தியையே தரும்.

கணினிக்குள் ஒரு தமனி

முதலில் சி.டி. படத்திலிருந்து நோயாளியின் இதயத் தமனிகள் முப்பரிமாண வடிவமாக வரையப்படுகின்றன. ஒவ்வொரு வளைவும், கிளையும், குறுக்கமும் அவ்வடிவில் இடம்பெறும். பின்னர் தமனியின் உட்புறம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய இலட்சக்கணக்கான அறைகளாகப் பிரிக்கப்படுகிறது. பாய்மங்களின் இயக்கத்தை விளக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளை ஒவ்வோர் அறைக்கும் கணினி தீர்க்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான இச்சமன்பாடுகளே விமானச் சிறகைச் சுற்றியோடும் காற்றுக்கும், குழாயில் ஓடும் நீருக்கும், தமனியில் ஓடும் இரத்தத்திற்கும் பொதுவானவை.

தமனியின் வடிவம் மட்டும் போதாது. அதனுள் எவ்வளவு இரத்தம் நுழைகிறது, கிளைகளின் முடிவில் எவ்வளவு தடை உள்ளது என்பவற்றையும் கணினிக்கு அளிக்க வேண்டும். இவற்றைப் படத்தில் நேரடியாகக் காண இயலாது. எனவே உடலியல் அறிவின் துணைகொண்டு மூன்று முடிவுகள் செய்யப்படுகின்றன. இதயத் தசையின் நிறை எவ்வளவோ அதற்கேற்ப ஓய்வுநிலை இரத்தத் தேவை அமையும் என்பது முதலாவது. பருத்த கிளைக்குத் தடை குறைவு, மெல்லிய கிளைக்குத் தடை மிகுதி என்பது இரண்டாவது. நுண்குழாய்களை விரிவடையச் செய்யும் அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்தால் தடை எவ்வளவு குறையுமோ, அவ்வளவு குறைந்ததாகக் கொண்டு உச்சநிலை ஓட்டத்தைக் கணக்கிடலாம் என்பது மூன்றாவது. நோயாளி படுத்த நிலையில் ஓய்வாக இருக்க, அவருடைய தமனியின் கணினி வடிவம் மட்டும் கடும் உழைப்பின்போது இருப்பது போன்ற நிலைக்கு உட்படுத்தப்படுகிறது.

எண்களின் குவியலிலிருந்து ஒரு விடை

கணினி தன் பணியை முடித்ததும் கிடைப்பது விடை அன்று. இலட்சக்கணக்கான எண்களின் குவியல். ஒவ்வோர் அறையிலும் திசைவேகம் என்ன, அழுத்தம் என்ன என்ற பட்டியல் அது. அதிலிருந்து பயனுள்ள ஓர் எண்ணைப் பிரித்தெடுப்பது தனியொரு வேலை. அதில் நான்கு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, எல்லா இடங்களிலும் வேகம் ஒன்றல்ல. ஆற்றின் நடுவே நீர் விரைந்து ஓடுவதும் கரையோரம் தயங்கி நகர்வதும் நாம் அறிந்ததே. தமனியிலும் சுவரை ஒட்டிய இரத்தம் ஏறத்தாழ அசைவற்றிருக்கும். நடுவில் உள்ளது விரையும். சீரான ஓட்டமுள்ள நேரான குழாயில் நடுப்பகுதி வேகம் சராசரியைப் போல இரு மடங்கு. நடுவில் உள்ள வேகத்தையே சராசரி என்று கொண்டுவிட்டால் இரத்த ஓட்டம் இரு மடங்காகத் தோன்றும்.

இரண்டாவது, அறைகளின் அளவும் ஒன்றல்ல. சுவரை ஒட்டி ஓட்டம் விரைவாக மாறுவதால் அங்கே அறைகள் சிறியனவாகவும் மிகுதியாகவும் அமைக்கப்படும். ஆகவே எல்லா அறைகளின் வேகங்களையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது பிழையான சராசரியைத் தரும். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு குறுக்குவெட்டில் பத்து அறைகள் உள்ளன எனக் கொள்வோம். சுவரோரம் உள்ள ஆறு அறைகள் ஒவ்வொன்றும் 0.3 சதுர மில்லிமீட்டர். அங்கு வேகம் நொடிக்கு 5 சென்டிமீட்டர். நடுவில் உள்ள நான்கு அறைகள் ஒவ்வொன்றும் 1.3 சதுர மில்லிமீட்டர். அங்கு வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டர். வெறுமனே கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 13 சென்டிமீட்டர். ஒவ்வோர் அறையின் பரப்புக்கும் உரிய மதிப்பளித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். முதல் வழியில் சென்றவர், நோயாளியின் இரத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிலேயே இழந்துவிடுகிறார்.

மூன்றாவது, வெட்டும் கோணம். முருங்கைக்காயைக் குறுக்காக நறுக்கினால் துண்டின் முகம் வட்டமாக இருக்கும். சாய்த்து நறுக்கினால் முகம் நீண்டு பரப்பு கூடும். காய் பருத்துவிட்டது என்று அதனால் பொருளாகாது. தமனியைக் கணினியில் வெட்டும்போதும் அவ்வாறே. வெட்டு 60 பாகை சாய்ந்திருந்தால் பரப்பு இரு மடங்காகும். ஆகவே வேகத்தின் முழு அளவையும் எடுத்துக்கொள்ளாமல், வெட்டுமுகத்திற்குச் செங்குத்தான பகுதியை மட்டுமே எடுத்துப் பெருக்க வேண்டும். அப்பகுதி இச்சாய்வில் சரிபாதியாகும். பரப்பு இரு மடங்கு, வேகம் பாதி என்பதால் விடை மாறாது. அடைப்பைத் தாண்டிய இடத்தில் இரத்தம் சுழித்துச் சற்றுப் பின்னோக்கியும் வரக்கூடும். அத்தகைய பின்னோட்டத்தைக் கழித்தே விடை காண வேண்டும்; கூட்டிவிட்டால் ஓட்டம் மிகுந்ததாகத் தோன்றும்.

நான்காவது, காலம். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்திற்கு ஒரு துடிப்பின் நேரம் 0.8 நொடி. இதயம் சுருங்கும்போது அதன் தசைக்குள் செல்லும் குழாய்களும் நெருக்கப்படுவதால், இடப்புறத் தமனியில் பெரும்பகுதி இரத்தம் இதயம் விரிந்து தளரும் வேளையிலேயே பாய்கிறது. துடிப்பின் ஏதோ ஒரு கணத்தில் எடுத்த அளவு முழுச் செய்தியைத் தராது. முழுத் துடிப்புக்கும் கணக்கிட்டுச் சராசரி காண்பதே முறை.

இந்நான்கையும் கருத்தில் கொண்டு, ஒவ்வோர் அறைக்கும் அடர்த்தி, செங்குத்து வேகம், பரப்பு ஆகியவற்றைப் பெருக்கி, எல்லா அறைகளின் பலனையும் கூட்டினால் நிறைப் பாய்வு வீதம் கிடைக்கிறது.

வரவும் செலவும்

கிடைத்த எண் சரியானதா என்று எவ்வாறு அறிவது? இங்குதான் ஹார்வியின் விதி துணைக்கு வருகிறது. இடது முதன்மைத் தமனி, முன்புறம் இறங்கும் கிளை என்றும் பின்புறம் சுற்றிச் செல்லும் கிளை என்றும் இரண்டாகப் பிரிகிறது. முதன்மைத் தமனியில் நொடிக்கு 2.80 கிராம் இரத்தம் நுழைவதாகக் கொள்வோம். ஒரு கிளையில் 1.60 கிராமும் மற்றொன்றில் 1.19 கிராமும் வெளியேறினால் மொத்தம் 2.79. வேறுபாடு அரை விழுக்காட்டிற்கும் குறைவு. கணக்கு ஏற்கத்தக்கது. மாறாக, வெளியேறும் மொத்தம் 2.50 கிராம் மட்டுமே என்றால், 0.30 கிராம் இரத்தம் எங்கே போயிற்று? தமனியில் ஓட்டை இல்லை. ஆகவே, வெட்டுமுகத்தைக் கையாண்டதில் தவறு நேர்ந்திருக்கலாம். அல்லது கணினி தன் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்க்கும்முன் நிறுத்தப்பட்டிருக்கலாம். எதுவாயினும் அந்த அறிக்கை நோயாளியின் கைக்குச் செல்லத் தகுதியற்றது. வீட்டு வரவு செலவு ஏட்டைச் சரிபார்ப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

ஆயினும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வரவும் செலவும் ஒத்துப்போவதால் மட்டுமே விடை உண்மையாகிவிடாது. படத்தில் தமனியின் அகலம் தவறாகப் பதிந்திருந்தாலும், தவறான அந்தத் தமனிக்குள் வரவும் செலவும் ஒத்தே போகும். இக்குறையைக் கூட்டல் கழித்தலால் கண்டுபிடிக்க இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், குழாயின் தடை அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது என்று கண்டறிந்தார். எளிதாகக் கூறினால், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனி படத்தில் 2.7 மில்லிமீட்டராகத் தெரிந்தால், பிழை பத்து விழுக்காடுதான்; ஆனால் அதன் தடை உண்மையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும்.

ஓட்டத்திலிருந்து முடிவுக்கு

இக்கணக்கின் பயன் என்ன? ஓட்டம் தெரிந்தால், அடைப்பைக் கடக்கும்போது அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். அடைப்புக்கு அப்பால் உள்ள அழுத்தத்தை, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு எஃப்.எஃப்.ஆர். என்று பெயர். பெருந்தமனியில் 100, அடைப்புக்கு அப்பால் 78 எனில் எஃப்.எஃப்.ஆர். 0.78. அடைப்பு இல்லாதிருந்தால் தசைக்குக் கிடைத்திருக்கக்கூடிய உச்சநிலை இரத்தத்தில் இப்போது ஏறத்தாழ 78 விழுக்காடு கிடைக்கிறது என்பது அதன் பொருள்.

இந்த அளவை முதலில் நேரடியாகவே எடுத்தனர். நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ பெய்ல்ஸும் பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்னார்ட் டி புரூயினும் 1990களில் இம்முறையை வளர்த்தெடுத்தனர். ஆஞ்சியோகிராம் செய்யும்போது, நுனியில் அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி அளப்பது அம்முறை. இன்றும் உரைகல்லாகக் கொள்ளப்படுவது அதுவே. 2009ஆம் ஆண்டு வெளியான ஃபேம் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகளில் அடைப்புள்ள 1,005 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்குப் படத்தைப் பார்த்தே ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. மற்றப் பிரிவினர்க்கு, அளவு 0.80 அல்லது அதற்குக் கீழ் இருந்த அடைப்புகளுக்கு மட்டுமே பொருத்தப்பட்டது. முதற்பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட்டுகளும், இரண்டாம் பிரிவில் 1.9 ஸ்டென்ட்டுகளும் தேவைப்பட்டன. ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு அல்லது மறுசிகிச்சை நேர்ந்தவர்கள் முதற்பிரிவில் 18.3 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 13.2 விழுக்காடு. ஸ்டென்ட் குறைந்தது, தீங்கும் குறைந்தது. "உங்களுக்கு ஸ்டென்ட் வேண்டாம்" என்று மருத்துவர் கூறும்போது, அது சிகிச்சையை மறுப்பதாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கம்பியைச் செலுத்தாமல் சி.டி. படத்திலிருந்தே இவ்வெண்ணைக் கணக்கிடும் முறைக்கு 2014ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அதே ஆண்டு வெளியான என்.எக்ஸ்.டி. ஆய்வில், 254 நோயாளிகளிடம் கணினியின் விடையும் கம்பியின் அளவீடும் ஒப்பிடப்பட்டன. நோயாளிகளில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர்க்கு இரண்டும் ஒரே முடிவைத் தந்தன. நல்ல விடைதான், ஆனால் ஐவரில் ஒருவருக்கு முடிவு வேறுபட்டது என்பதையும் இது கூறுகிறது.

இங்கே கணக்கின் பிழை எவ்வாறு மனிதரைத் தொடுகிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். இரத்த ஓட்டம் உண்மையைவிட மிகுதியாகக் கொள்ளப்பட்டால் அழுத்தக் குறைவும் மிகுதியாகத் தோன்றும். தேவையற்ற ஸ்டென்ட் பொருத்தப்படலாம். ஓட்டம் குறைவாகக் கொள்ளப்பட்டால், உண்மையில் தசையைப் பட்டினி போடும் அடைப்பு தீங்கற்றதாகத் தோன்றலாம். ஆகவேதான் 0.75க்கும் 0.80க்கும் இடைப்பட்ட விடைகளை மருத்துவர்கள் உடனடித் தீர்ப்பாகக் கொள்வதில்லை. நோயாளியின் அறிகுறிகள், அடைப்பின் இடம், பிற சோதனைகள் ஆகியவற்றோடு சேர்த்தே எடைபோடுகின்றனர்.

நோயாளியின் பங்கு

கணக்கு கணினியுடையது; ஆனால் அதன் அடிப்படையான படம் பெரிதும் நோயாளியின் ஒத்துழைப்பில் இருக்கிறது. இதயம் விரைந்து துடித்தால் படம் கலங்கும். எனவே துடிப்பை நிமிடத்திற்கு 60 அளவுக்குக் குறைக்கச் சிலருக்கு முன்னதாக மாத்திரை தரப்படும். தமனிகள் முழு அகலத்தில் தெரிவதற்காக நாவின் அடியில் நைட்ரோகிளிசரின் மருந்து தரப்படும். சிறிது நேரம் தலைவலி தோன்றுவது அதன் இயல்பு. காபி, தேநீர் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு கூறினால் அதன் நோக்கமும் துடிப்பைக் கட்டுக்குள் வைப்பதே. மூச்சை அடக்குமாறு சொல்லும் சில நொடிகளில் அசையாமல் இருப்பது மிக முக்கியம். அந்தச் சில நொடிகளில் நேரும் அசைவு, தமனியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு பிழையாகப் பதியக்கூடும். அப்பிழை கணக்கில் எவ்வாறு பெருகும் என்பதை மேலே கண்டோம்.

ஆஸ்துமா உள்ளவர்களும், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும், முன்பு சாய ஊசியால் ஒவ்வாமை ஏற்பட்டவர்களும், ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை உட்கொள்பவர்களும் அதைச் சோதனைக்கு முன்பே தயங்காமல் தெரிவிக்க வேண்டும். தரப்படும் மருந்துகள் அதற்கேற்ப மாற்றப்படும்.

இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. முன்பே ஸ்டென்ட் பொருத்தப்பட்ட தமனி, பைபாஸ் அறுவை செய்துகொண்ட இதயம், சுண்ணாம்புப் படிவு மிகுந்த தமனி, அண்மையில் மாரடைப்பு ஏற்பட்ட நிலை ஆகியவற்றில் கணக்கு நம்பத்தக்கதாக அமைவது கடினம். நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை திடீரென ஏற்பட்டால் இத்தகைய சோதனைகளுக்குக் காத்திருக்கலாகாது. உடனே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்.

மருத்துவரிடம் கேட்கத்தக்க வினாக்கள்

அறிக்கை கிடைத்தபின் கீழ்க்காணும் வினாக்களைக் கேட்பது முறையே. எந்த மருத்துவரும் இவற்றைத் தவறாகக் கொள்ளார்.

1. அடைப்பின் விழுக்காடு தவிர, இரத்த ஓட்டத்தையும் அளந்தோ கணக்கிட்டோ பார்த்தீர்களா?

2. எஃப்.எஃப்.ஆர். எண் எவ்வளவு? அது கம்பியால் அளந்ததா, கணினியால் கணக்கிட்டதா?

3. எங்கள் சி.டி. படம் தெளிவாக அமைந்ததா? கணக்குக்கு அது போதுமானதா?

4. எண் எல்லையை ஒட்டி இருந்தால் அடுத்து என்ன சோதனை?

5. ஸ்டென்ட் வேண்டாம் எனில், எந்த மாத்திரைகளை எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும்? மறுபடி எப்போது வர வேண்டும்?

கடைசி வினாவே மிக இன்றியமையாதது. ஓட்டம் போதுமானதாக உள்ளது என்பதன் பொருள், நோய் இல்லை என்பதன்று. தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்திருப்பது உண்மை. அது வளராமலும் வெடிக்காமலும் காப்பவை மருந்துகளும், கட்டுக்குள் உள்ள இரத்த அழுத்தமும் சர்க்கரையும், புகையிலையை அறவே விடுவதும், நாள்தோறும் நடப்பதுமே. ஸ்டென்ட் தேவையில்லை என்ற மகிழ்ச்சியில் மாத்திரையையும் நிறுத்திவிடுவோர்க்கு, கணினி காத்துக்கொடுத்த நன்மை கைநழுவிப் போகும்.

அடுத்த முறை அறிக்கையைப் பிரிக்கும்போது, விழுக்காட்டைக் கண்டதும் அஞ்சவும் வேண்டா, அயரவும் வேண்டா. "இந்தத் தமனி வழியே எங்கள் வீட்டாரின் இதயத்திற்குப் போதிய இரத்தம் சென்று சேர்கிறதா?" என்று கேளுங்கள். சிகிச்சையின் முடிவு அந்த விடையிலிருந்தே தொடங்குகிறது.